காந்தத்துக்கு என்ன தெரியும்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். சனிக்கிழமை மதியம். இருபத்தோரு வயதுப் பையன் ஒருவன், பகுதி நேர வேலையில் சேர்த்த காசைப் போட்டு வாங்கிய பத்துப் பெட்டித் தோட்டாக்களோடு துப்பாக்கி சுடும் களத்துக்கு வருகிறான். (அங்கே இதை ரேஞ்ச் என்பார்கள். சுருக்கமாக இருப்பதால் இங்கேயும் அப்படியே.) கவுண்டரில் இருப்பவர் ஒரு பெட்டியைத் திறக்கிறார். டிராயரிலிருந்து சின்னதாக ஒரு காந்தத்தை எடுத்து ஒரு தோட்டாவின் மேல் வைக்கிறார். டக். ஒட்டிக்கொண்டது.

"இதை இங்கே சுட முடியாது."

"ஏன்?"

"பாதுகாப்பு."

"என்ன பாதுகாப்பு?"

"அதுதான் விதி."

உரையாடல் அவ்வளவுதான். பையன் தன் பெட்டிகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, அதே கவுண்டரில் அடுக்கியிருக்கும் ரேஞ்சின் சொந்தத் தோட்டாவை ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறான். கற்பனைக் காட்சிதான். ஆனால் ரைபிள் சுடப் பழகும் எந்த அமெரிக்கரிடம் சொன்னாலும், "எனக்கும் நடந்தது" என்பார்.

பப்ஜி ஆடி வளர்ந்தவர்களுக்கு 5.56, 7.62 என்ற எண்கள் ஏ.டி.எம். பின் நம்பர் மாதிரி மனப்பாடம். ஆனால் அந்த விளையாட்டில் தோட்டா தரையில் இலவசமாகக் கிடக்கும், ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். நிஜத்தில் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, வரி உண்டு, விதி உண்டு. மலிவாக வாங்கினால் விதியில் மாட்டும். விதிப்படி வாங்கினால் பர்ஸ் காலியாகும். இந்த இழுபறியில்தான் அந்தக் காந்தம் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி இதுதான். அந்தக் காந்தம் எதைக் காப்பாற்றுகிறது? சுடுகிறவனையா, சுவரையா, காட்டையா, கல்லாப்பெட்டியையா? நான்கும் வேறு வேறு. நான்கையும் "பாதுகாப்பு" என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்பதுதான் இங்கே தப்பு. சின்னத் தப்பும் இல்லை.

ஒரு தோட்டா, ஒரு கொழுக்கட்டை

விஷயம் புரிய முதலில் தோட்டாவைப் பிரிக்க வேண்டும். (கையால் இல்லை, மனதால்!) ஒரு தோட்டாவில் நான்கு பாகம். வெளியே தெரியும் நீளமான கூடு. அதன் அடியில் தீ மூட்டும் பிரைமர். உள்ளே வெடிமருந்து. வாயில் செருகியிருக்கும் குண்டு. விசையை இழுத்தால் இலக்கை நோக்கிப் பறப்பது குண்டு மட்டும்தான். கூடு சுடுகிறவரின் காலடியிலேயே விழுந்துவிடும்.

அந்தக் குண்டு ஒரு கொழுக்கட்டை மாதிரி. உள்ளே பூரணம், வெளியே மாவு. சாதாரணமாகப் பூரணம் ஈயம், மாவு செம்புக் கலவை. இதைத்தான் எஃப்எம்ஜே, முழு உலோக மேலுறை கொண்ட குண்டு என்கிறார்கள்.

இப்போது இரும்பு எங்கெல்லாம் வரலாம் என்று பாருங்கள். மூன்று இடம்.

ஒன்று, கூடு. பித்தளைக்குப் பதில் ஸ்டீலில் செய்திருக்கலாம். இரண்டு, குண்டின் மாவு. ஸ்டீல் மேலுறை செய்து அதன்மேல் மெல்லிசாகச் செம்பு பூசியிருக்கலாம். இதற்கு பை-மெட்டல் என்று பெயர். பார்த்தால் செம்பு மாதிரியே மின்னும், காந்தம் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். மூன்று, பூரணம். ஈயத்துக்குப் பதிலாகவோ ஈயத்தோடு சேர்த்தோ ஸ்டீல் வைத்திருக்கலாம்.

மூன்றிலும் காந்தம் ஒட்டும். ஆனால் மூன்றும் ஒரே விஷயம் இல்லை. விளைவும் ஒன்று இல்லை. சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பூரணத்தில் இரும்பு: ரேஞ்ச் சொல்வது சரி

முதலில் ரேஞ்ச்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டீல் பூரணம் வைத்த குண்டு ஈயம் மாதிரி நசுங்கிச் சிதறாது. பின்னால் குண்டைப் பிடிக்க வைத்திருக்கும் இரும்புத் தகட்டில் பள்ளம் போடும். தகடு ஒழுங்காக வழவழப்பாக இருக்கும் வரை குண்டுத் துணுக்குகள் எதிர்பார்த்த திசையில் போகும். பள்ளம் விழுந்தால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது சுட்டவர் முகத்துக்கே திரும்பலாம். இதில் விவாதமே இல்லை.

இதில் அடிக்கடி மாட்டுவது எம்855. 1980ல் நேட்டோ நாடுகள் 5.56 மி.மீ. தோட்டாவுக்குப் பொது அளவுகோலாக ஏற்றுக்கொண்ட பெல்ஜிய எஸ்எஸ்109 குண்டின் அமெரிக்கத் தம்பி. எடை 62 கிரெயின், அதாவது 4 கிராம். நுனியில் பச்சைப் பெயிண்ட், அந்த நுனிக்குள் ஒரு சின்ன ஸ்டீல் துண்டு, பின்னால் ஈயம். 2015 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் ஏடிஎஃப் துறை இதைக் கவசம் துளைக்கும் வகையில் சேர்க்கப் பார்த்து, எதிர்ப்பு குவிந்ததும் மார்ச்சிலேயே பின்வாங்கியது. சந்தையில் சட்டப்படி கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலான உள்ளரங்க ரேஞ்சுகளில் பச்சை நுனிக்கு இடமில்லை. நியாயமான தடை. கூடு பளபளவென்று பித்தளையில் இருப்பதால் "இது ஸ்டீல் இல்லையே" என்று ஏமாந்து வாங்குகிறவர்கள் நிறைய.

மாவில் இரும்பு: பாதி சரி

பை-மெட்டல் மேலுறைக்குள் இருப்பது ஈயம்தான். தகட்டைத் துளைக்கும் விஷயத்தில் இது ஸ்டீல் பூரணம் போல் கிடையாது. ஆனால் தீப்பொறி விஷயத்தில் இதை விட்டுவிட முடியாது. உள்ளரங்கத்தில் எரியாமல் மிஞ்சிய வெடிமருந்துத் துகள் தரையில் சேரும். சில ரேஞ்சுகளில் குண்டைப் பிடிப்பதே ரப்பர்த் துண்டுக் குவியல்தான். அங்கே பொறி பறந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியரங்கத்தில் கதை இன்னும் பெரியது. 2012 ஜூனில் யூட்டா மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் அருகே டம்ப் ஃபயர் என்ற காட்டுத்தீ. ஆரம்பித்து வைத்தது இலக்குப் பயிற்சி செய்த துப்பாக்கிக்காரர்கள். 5,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. யாரோ சிலரின் பொழுதுபோக்குக்கு ஒரு ஊரே கொடுத்த விலை.

அடுத்த ஆண்டு, 2013ல், அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். நான்கு வகை ரைபிள் தோட்டாக்கள், பல வகைக் குண்டுகள். ஸ்டீல் தகட்டில் சுட்டு, தெறிக்கும் துணுக்குகளை நன்றாக உலர்த்திய மக்கிய பாசிக் குவியலில் விழவைத்தார்கள். ஸ்டீல் பூரணம், ஸ்டீல் மேலுறை இரண்டுமே திரும்பத் திரும்பத் தீ மூட்டின. செம்பு மேலுறையும் ஈயப் பூரணமும் உள்ள சாதாரணக் குண்டு மொத்தச் சோதனையிலும் ஒரே ஒரு முறைதான் தீ மூட்டியது. துணுக்குகளின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம் என்றும் கணித்தார்கள்.

"பார்த்தீர்களா, காந்தம் சரிதானே!" என்று ரேஞ்ச்காரர் துள்ளுவார். கொஞ்சம் பொறுங்கள். அதே சோதனையில் திரும்பத் திரும்பத் தீ மூட்டிய இன்னொரு வகை உண்டு: முழுக்க முழுக்கச் செம்பில் செய்த குண்டு. ஈயமும் இல்லை, இரும்பும் இல்லை. காந்தம் அதன் பக்கத்தில் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது!

ஆக, தீ என்பதுதான் காரணம் என்றால், காந்தம் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டு அவனுடைய கூட்டாளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அந்தக் கூட்டாளி விலை கூடியவன் வேறு. செம்புக் குண்டு வாங்குகிறவர் வசதியானவர். மலிவுப் பெட்டிக்காரன் மட்டும் வாசலில் நிற்கிறான்.

கூட்டில் இரும்பு: இங்கேதான் கல்லாப்பெட்டி சத்தம்

மூன்றாவது வகை, கூடு மட்டும் ஸ்டீல், குண்டு சாதாரண ஈயமும் செம்பும். இப்படியும் தோட்டாக்கள் உண்டு. கூடு எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை. சுட்டவர் காலடியில் விழுகிறது. தகட்டைத் தொடுவதில்லை, காட்டை எரிப்பதில்லை, யார் மேலும் தெறிப்பதில்லை. அப்புறம் எதற்குத் தடை?

ஏனென்றால் பித்தளைக் கூடு காசு. தோட்டாப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போட்ட எந்த அம்மாவைக் கேட்டாலும் அதன் மதிப்பைச் சொல்லுவார். அதோடு பித்தளைக் கூட்டில் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கலாம். அதற்கென்றே அங்கே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பல ரேஞ்சுகளில் தரையில் விழுந்த கூடு ரேஞ்சுக்கே சொந்தம் என்று விதி. நாள் முடிவில் கூட்டிப் பெருக்கினால் குப்பை வராது, வருமானம் வரும். ஸ்டீல் கூடு கலந்தால் தரம் பிரிக்கும் வேலை. ஸ்டீல் கூட்டுக்குப் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும், மறுபடி நிரப்பவும் யாரும் பெரிதாகத் தேடுவதில்லை.

இது தப்பா? தப்பே இல்லை. கடை நடத்துகிறவர் துணை வருமானம் பார்ப்பது வணிகவியல் முதலாண்டுப் பாடம். "எங்களுக்குப் பித்தளைக் கூடு வேண்டும், அதனால் பித்தளை மட்டும்" என்று பலகையில் எழுதி வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சரக்கு பிடிக்காவிட்டால் வேறு ரேஞ்சுக்குப் போவார்கள். ஆனால் எழுதுவது "பாதுகாப்புக் கருதி" என்று. அதுதான் வயிற்றெரிச்சல்.

சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான பரீட்சை உண்டு. அலுமினியக் கூடு வைத்த மலிவுத் தோட்டாவும் சந்தையில் இருக்கிறது, பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்கு. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, தீப்பொறிக் கதையும் சொல்ல முடியாது. அதையும் ஒரு ரேஞ்ச் "பாதுகாப்பு" என்று தடை செய்தால், அங்கே காப்பாற்றப்படுவது எது என்று தெரிந்துபோகும்.

காந்தம் பார்க்காத இன்னும் இரண்டு

ஒன்று, வேகம். 55 கிரெயின் எடையுள்ள சாதாரண 5.56 குண்டு 20 அங்குலக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 990 மீட்டரில் கிளம்புகிறது. ஒலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த வேகத்தில் கிட்டத்தில் சுட்டால், துளிக்கூட இரும்பில்லாத ஈயக் குண்டே கெட்டியான ஸ்டீல் தகட்டில் பள்ளம் போட்டுவிடும். கைத்துப்பாக்கிக்கு மட்டும் கட்டிய தகட்டில் ரைபிளை அனுமதித்துவிட்டுக் காந்தம் வைத்துப் பார்ப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

இரண்டு, ஈயம். காந்தம் "நல்ல பிள்ளை" என்று உள்ளே விடும் தோட்டாவில்தான் ஈயம் இருக்கிறது. குண்டிலும் உண்டு, வழக்கமான பிரைமரிலும் உண்டு. உள்ளரங்கத்தில் காற்றோட்டம் சரியில்லை என்றால் அந்த ஈயப் புகையையும் தூசியையும் தினம் எட்டு மணி நேரம் சுவாசிப்பது யார்? கவுண்டரில் காந்தம் பிடித்து நிற்கும் அதே ஊழியர். வேலையிடக் காற்றில் ஈயம் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசு 1978லேயே வரம்பு வைத்தது. வடிகட்டி மாற்றுவதும் காற்றை அளப்பதும் செலவு. காந்தம் மலிவு. பாதுகாப்பு என்ற சொல்லை மலிவான பக்கத்தில் மட்டும் சத்தமாகச் சொல்வது வசதியாக இருக்கிறது.

சரி, மலிவுக் கட்சி மட்டும் யோக்கியமா?

இல்லை. இந்தப் பக்கமும் குட்டு விழ வேண்டியிருக்கிறது.

"ரேஞ்ச்காரன் கொள்ளையடிக்கிறான், பெட்டி விலையைப் பார், அவ்வளவுதான் கணக்கு" என்று சொல்கிற ஒரு கோஷ்டி உண்டு. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் விலை செலவு ஆகாது. செலவு என்பது, இலக்கை நோக்கிப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு குண்டுக்கும் கையிலிருந்து போன மொத்தக் காசு.

ஒரு கணக்கு. (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.) ஸ்டீல் தோட்டா ஒன்று 30 சென்ட், பித்தளை 40 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 1,000 தோட்டாவுக்கு ஸ்டீல் 300 டாலர், பித்தளை 400. மிச்சம் 100 டாலர். வாய் நிறையச் சிரிப்பு. ஒருமுறைக்கு 200 என்று ஐந்து தடவை சுடலாம். அதில் ஒரே ஒரு தடவை காந்தத்தில் மாட்டி, ரேஞ்சின் தோட்டாவை 60 சென்ட்டுக்கு 200 வாங்கினால் 120 டாலர். மிச்சம் பிடித்த 100 போச்சு, மேலே 20ம் போச்சு. நிராகரித்த 200 தோட்டா வீட்டு அலமாரியில் தூங்கும். சரக்கு இருப்பில் முடங்கிய பணம் என்று கணக்குப் புத்தகத்தில் இதற்குத்தான் பெயர்.

இன்னொரு பக்கம், "ஸ்டீல் போட்டால் துப்பாக்கிக் குழல் தேய்ந்து நாசம், மலிவே இல்லை" என்று பயமுறுத்தும் எதிர்க்கட்சி. இதுவும் பாதி உண்மை. 2013ல் லக்கி கன்னர் என்ற தோட்டா விற்பனை நிறுவனம் நான்கு ஏஆர்-15 ரைபிள்களை வைத்து, ஆளுக்கு 10,000 வீதம் 40,000 தோட்டா என்று திட்டம் போட்டு ஒரு சோதனை நடத்தியது. ஸ்டீல் கூட்டுத் தோட்டா சுட்ட ரைபிள்களின் குழல் பித்தளை சுட்டதைவிட வெகு சீக்கிரம் தேய்ந்தது. அதற்குக் காரணம் கூடு இல்லை, பை-மெட்டல் மேலுறை. ஆனால் புதுக் குழல் வாங்கும் செலவைச் சேர்த்தாலும் அன்றைய விலையில் ஸ்டீல்தான் மலிவு என்றும் அதே சோதனை சொன்னது. கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வரும். குழல் 200 டாலர் என்றும், பை-மெட்டலில் 6,000 சுடு, செம்பில் 12,000 சுடு தாங்கும் என்றும் வைத்தால், தேய்மானம் ஒரு சுடுக்கு 3.3 சென்ட்டும் 1.7 சென்ட்டும். வித்தியாசம் 1.6 சென்ட். விலையில் கிடைத்த 10 சென்ட் லாபத்தில் இது ஒரு கடி, அவ்வளவே.

ஆக, குழல் தேய்வது பூச்சாண்டி. நிஜச் செலவு, வாசலில் திருப்பி அனுப்பப்படுவது.

போதாததற்கு அந்த 10 சென்ட் வித்தியாசமும் பழைய மாதிரி இல்லை. மலிவு ஸ்டீல் தோட்டா என்றாலே பல வருடம் ரஷ்யச் சரக்குதான். 5.45 மி.மீ.யில் மலிவாக வந்துகொண்டிருந்த 7என்6 என்ற ஸ்டீல் பூரணத் தோட்டாவின் இறக்குமதியை 2014ல் ஏடிஎஃப் நிறுத்தியது. 2020ல் கொரோனா பீதியில் ஆளாளுக்கு வாங்கிக் குவித்ததில் கடை அலமாரிகள் காலி. 2021 ஆகஸ்டில், நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்துக்காக அமெரிக்கா ரஷ்யா மீது புதுத் தடைகளை அறிவித்தது. அதன்படி செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புது இறக்குமதி அனுமதி கிடையாது. மாஸ்கோவில் எடுத்த முடிவுக்கு, டெக்ஸாஸில் பகுதி நேர வேலை பார்க்கும் பையன் கூடுதல் விலை கொடுக்கிறான். உலகப் பொருளாதாரம் என்பது சில சமயம் இவ்வளவு சிம்பிள்!

புத்திசாலிச் சிக்கனம் என்றால்

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடினால் நியாயம் இல்லை. கையில் காசு குறைவு, ரேஞ்ச் விதியிலும் மாட்டக் கூடாது என்கிறவர் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

முதலில் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டும் பார்க்க இரட்டையர். ஆனால் .223க்கு மட்டும் செய்த அறையில் 5.56 தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களுக்குத் தர அளவுகள் வகுக்கும் "சாமி" (நம்ம சாமி இல்லை, 1926ல் தொடங்கிய ஓர் அமைப்பின் பெயர்ச் சுருக்கம்) ஆபத்தான ஜோடிகள் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. 5.56 அறையில் .223 போடுவதில் சிக்கல் இல்லை. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் விரலை இழக்கக் கூடாது.

இரண்டாவது, வாங்கும் முன்பே ரேஞ்சுக்கு ஒரு போன். நான்கு கேள்வி. ரைபிள் அனுமதியா? தடை கூட்டுக்கா, குண்டுக்கா? பச்சை நுனி ஆகுமா? மறுபடி நிரப்பிய தோட்டா ஆகுமா? நான்காவதை மறக்கக் கூடாது. பணம் மிச்சம் பிடிக்க வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவருபவர்களைப் பல ரேஞ்சுகள் உள்ளே விடுவதில்லை.

மூன்றாவது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தமே போதும். ஆனால் கூட்டில் வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. குண்டின் பக்கத்திலும் நுனியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பித்தளைக் கூட்டுக்காரன் நுனியில் மாட்டுவான்.

நான்காவது, 1,000 தோட்டா மொத்தப் பெட்டி வாங்கும் முன் 20 தோட்டாச் சின்னப் பெட்டி ஒன்று. ரேஞ்ச் ஏற்கிறதா, துப்பாக்கி ஏற்கிறதா என்று பார்த்த பிறகு மொத்தமாக வாங்கலாம். ஏஆர்-15க்கு என்றால், பித்தளைக் கூடு, 55 கிரெயின், ஈயப் பூரணம், செம்பு மேலுறை, காந்தம் ஒட்டாதது. இதுதான் அதிக வாசல்களில் கேள்வி கேட்காமல் உள்ளே விடும் மலிவுத் தோட்டா.

ஐந்தாவது, உண்மையிலேயே சுடக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் .22 ரைபிள். தோட்டாவின் விலை 5.56ஐவிட மிகக் குறைவு, உதைப்பும் இல்லை. "அது குழந்தைப் பிள்ளை துப்பாக்கி" என்று இளக்காரம் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த 50 மீட்டர் ரைபிள் போட்டி நடப்பது இந்த .22 தோட்டாவில்தான்.

ரேஞ்ச்காரரின் கடைசி வாதம்

"கவுண்டரில் நிற்கிறவனுக்கு உலோகவியல் தெரியாது. சனிக்கிழமை நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆராய்ச்சி செய்ய முடியுமா? காந்தம் ஒரு நொடி. தப்பாக நல்ல தோட்டாவைத் தடுத்தால் ஒருவருக்குக் காசு நஷ்டம். தப்பாகக் கெட்டதை விட்டால் ஒருவர் கண் போகும். இன்சூரன்ஸ்காரரும் அதையே கேட்கிறார்."

வலுவான வாதம். மறுக்க வேண்டியதும் இல்லை. காந்தம் இருக்கட்டும், முதல் வடிகட்டியாக. ஆனால் அதோடு முடியக் கூடாது. பலகையில் மூன்றே வரி போதும். குண்டில் இரும்பு ஆகாது, தகடும் தீயும் காரணம். கூட்டில் இரும்பு ஆகாது, பித்தளை எங்களுக்கு வேண்டும் என்பது காரணம். முழுச் செம்பும் இங்கே ஆகாது, தீ காரணம். இதை எழுத ஒரு மார்க்கர் பேனா போதாதா?

எழுதாததற்கு விலை உண்டு. காரணம் சொல்லாத விதியை மனிதர்கள் மதிப்பதில்லை, ஏய்க்கப் பார்ப்பார்கள். கூட்டுத் தடைக்குப் பின்னால் இருப்பது கல்லாப்பெட்டிதான் என்று ஒருமுறை கண்டுபிடித்தவன், அடுத்த முறை "பாதுகாப்பு" என்று எதைச் சொன்னாலும் நம்ப மாட்டான். பச்சை நுனியும் அவனுக்கு வியாபாரத் தந்திரமாகவே படும். பித்தளைப் பெட்டிக்குள் நாலு பச்சை நுனியைக் கலந்து உள்ளே கொண்டுபோவான். அல்லது இந்த ரேஞ்சே வேண்டாம் என்று, கண்காணிக்க ஆளில்லாத காய்ந்த புல்வெளிக்குப் போய்ப் பாறை மேல் சுடுவான். அந்த வனத்துறைச் சோதனையில் கருங்கல்லை இலக்காக வைத்துச் சுட்டபோதும் தீப்பிடித்தது. காசு பிடுங்கும் விதியைப் பாதுகாப்பு விதியோடு கலப்பவர், பாதுகாப்பு விதியின் மரியாதையைத்தான் கெடுக்கிறார்.

இன்னொன்று. மலிவுத் தோட்டாக்காரன் யாரிடமும் சலுகை கேட்டு நிற்கவில்லை. 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தோட்டா மீதும் 11 சதவீத மத்திய வரி உண்டு. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் கட்டினாலும் கடைசியில் வாங்குகிறவர் விலையில்தான் அது ஏறும். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் வேட்டைக்காரர் பயிற்சிக்கும் பொது ரேஞ்சுகள் கட்டவும் போகிறது. 2024 ஜூலை முதல் கலிபோர்னியாவில் மாநிலமும் தன் பங்குக்கு இன்னொரு 11 சதவீதம். வரி கட்டும்போது அவனிடம் "உன் பெட்டி ஸ்டீலா, பித்தளையா" என்று யாரும் காந்தம் வைத்துப் பார்ப்பதில்லை. வரி கட்டுகிறவனுக்குக் காரணம் கேட்கவும் உரிமை உண்டு.

அந்தச் சனிக்கிழமைப் பையன் "என்ன பாதுகாப்பு?" என்று கேட்டானே, அது திமிர்க் கேள்வி இல்லை. ரேஞ்சுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு "அதுதான் விதி" என்பது பதில் ஆகாது. குண்டுக்கா, கூட்டுக்கா என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால், அடுத்த சனிக்கிழமை பையன் சரியான பெட்டியோடு வந்திருப்பான். பச்சை நுனியை ஏன் தொடக் கூடாது என்றும் ஆயுசுக்கும் தெரிந்துகொண்டிருப்பான்.

டிஸ்கி: இது அமெரிக்கக் கதை. இந்தியாவில் இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டாக் கடை தேடிக் கிளம்ப வேண்டாம். இங்கே ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016, உரிமம், அதில் குறித்த தோட்டா அளவு என்று வேறு உலகம். பப்ஜி தம்பிகள் வழக்கம்போல் தரையில் பொறுக்கிக்கொள்ளவும் :-)